கட்டைத் துவக்கு

துவக்குப் பார்க்கப் போன சனிக்கிழமை காரில் இருந்தவர்கள் மூன்று பேர்: நான், அப்பா, அக்காவைக் கட்டிய அத்தான். அம்மா வரவில்லை. வரமாட்டேன் என்று இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவர், புறப்படும்போது மட்டும் கலண்டரைப் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்து, "பத்தரை வரைக்கும் ராகுகாலம், அதுக்குள்ளை ஒண்டையும் கையாலை தொட்டுப்போடாதேங்கோ" என்று சொல்லி அனுப்பினார். சித்தப்பாவும் இல்லை. அப்பாவின் ஒரே தம்பி அவர்; நான் பிறப்பதற்கு முன்பு, சண்டைக் காலத்தில், ஊரில் வீட்டிலிருந்து கூட்டிக்கொண்டு போகப்பட்டவர், திரும்பி வராதவர். யார் வந்தார், யார் வரவில்லை என்று எண்ணும்போது எங்கள் வீட்டில் அவரைச் சேர்ப்பதில்லை. நானும் அன்றைக்குச் சேர்க்கவில்லை. அது பிழை என்று ஏப்ரலில் தெரிந்தது.

எனக்கு ஏன் துப்பாக்கி, எங்கள் ஊர்ச் சொல்லில் துவக்கு, என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேள்விப்பட்ட எங்கள் ஆட்கள் எல்லாரும் கேட்டது அதைத்தான், சிலர் ஒரு மாதிரியான சிரிப்போடு. நான் படித்தது நிலவியல். பெரிய படிப்பு இல்லை, கல்லூரியில் இரண்டு வருட டிப்ளோமா. ஆனால் அப்பா ஐந்தாம் வகுப்போடும் அம்மா எட்டாம் வகுப்போடும் நின்றவர்கள். அக்கா கனடாவுக்கு வந்த வருடமே பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்தாள். அதனால் அந்த இரண்டு வருடம் எங்கள் வீட்டில் பெரிய படிப்புத்தான்.

படித்து முடித்ததும், வட ஒன்ராறியோவில் தாதுப்பொருள் தேடும் ஒரு சிறு கம்பனியில் சேர்ந்தேன். மொத்தம் பத்துப் பேர். காட்டுக்குள் நேர்கோட்டில் நடக்கவேண்டும். ஐம்பது மீற்றருக்கு ஒரு குழி தோண்டி, மண்ணை எடுத்துப் பையில் போட்டு, இலக்கம் எழுதி, அந்தப் பைகளை முதுகில் சுமந்து முகாமுக்குக் கொண்டுவரவேண்டும். ஊருக்கு ரெலிபோன் எடுக்கும்போது அம்மா "மோன் ஆராய்ச்சியிலை நிக்கிறான்" என்று சொல்வது இந்த மண் சுமப்பதைத்தான்.

இரண்டிரண்டு பேராகத்தான் காட்டுக்குள் விடுவார்கள். ஒருவர் தலைமை, ஒருவர் உதவி. இரண்டு வருடம் நான் உதவியாக நடந்தேன். இலையுதிர் காலத்தில், முகாமைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, எங்கள் பொறுப்பாளர் என்னைக் கூப்பிட்டார். ஐம்பது வயதைத் தாண்டிய பெண், தேவையில்லாமல் ஒரு சொல் பேசாதவர். மே மாதத்திலிருந்து நீ தலைமை, நிரந்தர வேலை, பல்லுக்கும் கண்ணுக்கும் காப்புறுதி, குளிர்காலத்திலும் சம்பளம் என்றார். ஒரு நிபந்தனை. தலைமையாகப் போகிறவரிடம் துவக்கு உரிமமும் சொந்தத் துவக்கும் இருக்கவேண்டும். கரடிக்கு. மே முதலாம் திகதி இரண்டும் கையில் இருந்தால் வேலை உன்னுடையது, இல்லாவிட்டால் அவை இருக்கிற வேறொருவனுக்குக் கொடுக்கவேண்டிவரும்.

எந்த மாதிரித் துவக்கு என்று கேட்டேன்.

"சுவரில் மாட்டி அழகு பார்க்கும் துவக்கு வேண்டாம். ஆறாவது மணித்தியாலத்திலும் உன் தோளில் இருக்கக்கூடிய துவக்கை வாங்கு. கட்டையாக, லீவர் போட்டதாக," என்றார்.

வீட்டில் இதைச் சொன்னபோது அம்மா கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டு அறைக்குள் போனார். அப்பா கேட்டது வேறு. "பேர்மனண்ட் எண்டு எழுதித் தருவினமோ?"

"ஓம்."

"அப்ப நான் வேலையாலை நிக்கலாம்."

அப்பா பிறம்ரனில் ஒரு பண்டகசாலையில் பதினாறு வருடமாகப் பெட்டி ஏற்றுகிறார். நாங்கள் இருப்பது அஜின்கோர்ட்டில். மத்தியானம் ஒரு மணிக்குப் புறப்பட்டு, நெடுஞ்சாலையில் முழு நகரத்தையும் குறுக்கே கடந்து போகவேண்டும். அவருடைய வலது தோள் காதுக்கு மேலே எழும்பாது. இடது கையால்தான் சீப்பைப் பிடித்துத் தலை இழுப்பார். ஊசி போட்டார்கள், பயிற்சி சொன்னார்கள், கடைசியில் டொக்டர் வேலையை மாற்று என்றார். வாடகையை யார் மாற்றுவது. எனக்கு நிரந்தர வேலை கிடைத்தால் வேலையை விடுவதாக அவர் அன்றைக்குத்தான் முதல் தடவை வாயால் சொன்னார். ஆகவே அந்தத் துவக்கு கரடிக்கானது என்று கம்பனி நினைத்தது. எங்கள் வீட்டில் அது அப்பாவின் தோளுக்கானது.

ஜனவரியில் பாதுகாப்பு வகுப்புக்குப் போனேன். ஒரு சனசமூக மண்டபத்தில் இரண்டு நாள். சுடாத துவக்குகளை வைத்துப் பழக்கினார்கள். குழல் வாயை யார் பக்கமும் திருப்பாதே, ரவை இருக்கிறதா என்று ஒவ்வொரு தடவையும் பார், விசையில் விரலை வைக்காதே. ஐம்பதுக்கு நாற்பத்தெட்டு எடுத்தேன். பள்ளிக்கூடத்தில் நான் எடுத்த புள்ளியெல்லாம் அம்மா பக்கத்து வீடுவரைக்கும் சொன்னவர். இந்த நாற்பத்தெட்டை யாரிடமும் சொல்லவில்லை.

பிறகு விண்ணப்பம். அதில் தொலைபேசி இலக்கம் கேட்டிருந்தார்கள். பெப்ரவரி தொடக்கத்தில் நான் ஏழு கிழமைக்கு வடக்கே போகவிருந்தேன்; உறைந்த ஏரிகளைத் தாண்டிப் போய், நேர்கோட்டில் மரம் தறித்து வழி திறக்கும் 'கோடு வெட்டும்' வேலை. குளிர்காலத்தில் கரடி தூங்கும், துவக்குத் தேவையில்லை. அங்கே என் போன் வேலை செய்யாது. அதனால் அப்பாவின் இலக்கத்தை எழுதினேன்.

"அப்பா, ஆரும் எடுத்தா, மோன் காட்டிலை நிக்கிறான், மார்ச் கடைசியிலை வருவான் எண்டு சொல்லுங்கோ."

"ஓம் ஓம்."

இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்றும் ஒரு துண்டில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். எல்லாவற்றையும் யோசித்துச் செய்கிற பிள்ளை என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. அதை நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

உரிமம் வராமல் துவக்கு வாங்கமுடியாது. ஆனால் பார்க்கலாம், முற்பணம் கட்டி வைக்கலாம். நான் வடக்கிலிருந்து வந்தபிறகு தேடினால் கிடைக்காமல் போய்விடும் என்று பயந்தேன். அந்தமாதிரிக் கட்டைத் துவக்குகள் வந்த கையோடு விற்றுப்போவதாகக் கேள்வி. நான் தனியாகப் போகத்தான் இருந்தேன். ஆனால் எங்கள் வீட்டில் பெரிய சாமான் எதையும் யாரும் தனியாகப் போய் வாங்கியதில்லை. காரோ, கட்டிலோ, அக்காவின் தாலிக்கொடியோ, குறைந்தது மூன்று பேர் போகவேண்டும். அதில் ஒருவர் விலை பேசத் தெரிந்தவராக இருக்கவேண்டும். விலை பேச அத்தான் வந்தார்.

அப்பா கோட் போட்டுக்கொண்டு வந்தார். அகதி விசாரணைக்கும் குடியுரிமைச் சத்தியத்துக்கும் போட்ட அதே கறுப்புக் கோட்.

"என்ன மாமா, பொம்பிளை பாக்கப் போறமோ?" என்றார் அத்தான்.

"நீர் காரை ஓட்டும்."

யூனியன்வில்லைக் கடந்து வடக்கே முக்கால் மணி நேரம். பத்து மணிக்கே கடைக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டோம். ராகுகாலம் முடியவில்லை. அப்பா இறங்கவில்லை. இரவு பெய்த பனி இரண்டு பக்கமும் குவிந்திருக்க, துவக்குக் கடைக்கு முன்னால் காரை நிறுத்தி, இயந்திரத்தை ஓடவிட்டு, மூன்று தமிழர்கள் உள்ளே பேசாமல் அரை மணி நேரம் இருந்தோம். கடைக்காரர் கண்ணாடிக் கதவுக்கு வந்து இரண்டு தரம் எட்டிப் பார்த்தார்.

"இன்னும் பத்து நிமிசம் இருந்தமெண்டால் அவன் பொலிசுக்கு அடிப்பான்," என்றார் அத்தான்.

அப்பா சிரிக்கவில்லை. "பத்தரை ஆச்சோ?" என்று மட்டும் கேட்டார்.

கடைக்காரர் நல்ல மனிதர். நரைத்த தாடி, மூக்குக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டியிருந்தார். நான் என்ன வேலைக்கு என்று சொன்னதும் மூன்று துவக்கை எடுத்துவந்து, ஒவ்வொன்றையும் திறந்து உள்ளே வெறுமை என்று காட்டி, பச்சைத் துணியில் வரிசையாக வைத்தார். தான் பக்கத்தில் நின்றால் உரிமம் இல்லாதவனும் கையில் எடுத்துப் பார்க்கலாம் என்றார்.

முதலாவது நீளம். வால்நட் மரப்பிடி, இருபது அங்குலக் குழல். அழகென்றால் அப்படி ஒரு அழகு. அத்தானுக்கு அதைப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. "உதெடு மச்சான், உதுதான் துவக்கு மாதிரிக் கிடக்கு." இரண்டாவது துருப்பிடிக்காத உருக்கு, கட்டையானது, ஆனால் பெரிய ரவை போடுவது. கரடியை நிச்சயமாக நிறுத்தும், சுடும்போது உன் தோளையும் நிறுத்திவிடும் என்றார் கடைக்காரர். மூன்றாவதுக்குப் பதினாறு அங்குலக் குழல். முழு நீளமும் என் இடுப்புவரைக்குந்தான். கறுத்த மரப்பிடி, அதுவும் குட்டையாக வெட்டியது. லீவரின் வளையம் கையுறை போட்ட கை நுழையும் அளவுக்குப் பெரியது.

"இது பெண்களும் பதின்ம வயதுப் பிள்ளைகளும் விரும்பி வாங்குவது," என்று கடைக்காரர் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை. ஆனால் நான் மொழிபெயர்த்ததும் அத்தான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "கரடி வந்து உன்னட்டை வயசு கேக்கப்போகுது."

நான் மூன்றையும் தோளில் வைத்துப் பார்த்தேன். நான் ஐந்தடி நாலங்குலம். நீளத் துவக்கைத் தூக்கினால் என் கன்னம் போகவேண்டிய இடத்துக்குப் போகவில்லை, கழுத்தை நீட்டவேண்டியிருந்தது. குட்டைத் துவக்கைத் தூக்கினேன். கன்னம் தானாகப் பிடியில் போய் இருந்தது, கண் தானாகக் குறியில் நின்றது. லீவரைக் கீழே தள்ளி மேலே இழுத்தேன். எண்ணெய் போட்ட பூட்டுப் போல ஒரு சத்தம். பிறகு அதைத் தோளில் கொழுவிக்கொண்டு கடைக்குள்ளே நடந்தேன். பக்கவாட்டில் எந்தப் பிடியும் நீட்டிக்கொண்டிராததால் முதுகோடு ஒட்டிக்கிடந்தது. அடர்ந்த பற்றைக்குள் நுழைவதாக நினைத்து, உடுப்புத் தொங்கிய இரண்டு சட்டங்களுக்கு நடுவே குனிந்து போய் வந்தேன். எதிலும் மாட்டவில்லை. பொறுப்பாளர் சொன்னது அப்போதுதான் விளங்கியது.

அப்பா இவ்வளவு நேரமும் இரண்டு கையையும் கோட் பைக்குள் வைத்துக்கொண்டு நின்றார். ஒன்றையும் தொடவில்லை. இப்போது கேட்டார், "பாரம் எவ்வளவாம்?"

கடைக்காரர் சொன்ன நிறைகளை நான் சொன்னேன். கட்டை ஆறு இறாத்தல். மற்றவை ஏழும் ஏழரையும்.

"ஒரு இறாத்தல்தானே வித்தியாசம்," என்றார் அத்தான்.

"உமக்கு ஒரு இறாத்தல். உவன் மண்மூட்டையும் எல்லோ காவுறான். பதினாறு வருசமாய்ப் பெட்டி தூக்கிறன், எனக்குத் தெரியும் ஒரு இறாத்தல் எண்டால் என்னெண்டு." அப்பா என்னைப் பார்த்தார். "கட்டையை எடு தம்பி. தோள் போனால் கடையிலை வாங்கேலாது."

அப்படித்தான் அந்தத் துவக்கு முடிவானது. அத்தான் தன் கடமைக்கு, காசாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பாய் என்று இங்கிலீஷில் கேட்டார். கடைக்காரர் குறைக்கவில்லை, ஒரு துடைக்கும் துணியும் எண்ணெய்ப் போத்தலும் சும்மா தந்தார். முற்பணம் முந்நூறு டொலர். ஏப்ரல் முப்பதுவரை வைத்திருப்பார்கள், அதற்குள் உரிமத்தோடு வராவிட்டால் பணம் திரும்பாது. நான் அட்டையை எடுக்க முன்பே அப்பா கோட்டின் உள்பையிலிருந்து கடித உறையை எடுத்து, இருபது டொலர்த் தாளாக எண்ணி வைத்தார். உறையை எப்போது கொண்டுவந்தார் என்று எனக்குத் தெரியாது. கடைக்காரர் என் பெயரை ஒரு துண்டில் எழுதி லீவரில் கட்டினார். முழுப்பெயரும், அதாவது அப்பாவின் பெயரும் சேர்ந்த நீளமான பெயர், ஒரு எழுத்துப் பிழையோடு.

திரும்பும் வழியில் மட்டன் றோல் வாங்கிக் காரிலேயே சாப்பிட்டோம். அந்தப் பயணத்தில் நான் சந்தோஷமாக இருந்தேன். எழுதவேண்டியிருப்பதால் எழுதுகிறேன்.

ஏழு கிழமை வடக்கே நின்றேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. குளிர், கோடரி, பனிச்சப்பாத்து. கோடு வெட்டிக்கொண்டு போகும்போது ஒவ்வொரு நெருக்கமான பற்றையிலும் அந்தக் கட்டைத் துவக்கை மனதில் தோளில் போட்டுப் பார்த்தேன். எல்லா இடத்திலும் நுழைந்தது.

ஏப்ரல் முதல் கிழமை வீட்டுக்கு வந்தேன். இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்லவேண்டும். எங்கள் வீட்டுக்கு வரும் அரசாங்கக் கடிதம் ஒன்றையும் அப்பாவோ அம்மாவோ திறக்கமாட்டார்கள். எனக்குப் பதினொரு வயதாக இருந்தபோது தொடங்கியது. கடிதம் வந்தால் சாமிப்படத் தட்டில், பிள்ளையார் படத்துக்குக் கீழே வைப்பார்கள். நான் பள்ளிக்கூடத்தால் வந்து கைகால் கழுவிவிட்டுத் திறந்து வாசித்து, என்ன கேட்கிறார்கள், என்ன பதில் எழுதவேண்டும் என்று சொல்வேன். வரிக் கடிதம், வாடகைக் கடிதம், அப்பாவின் தோள் சம்பந்தமான கடிதம் எல்லாம் அப்படித்தான். பிழையாகத் திறந்தால்கூட ஏதும் ஆகிவிடும் என்று அம்மா நம்பினார். எனக்கு அது பெருமை. பிள்ளை வந்துதான் திறக்கவேணும் என்று அம்மா மற்றவர்களுக்குச் சொல்லும்போது, கேட்காததுபோல அடுத்த அறைக்குள் நின்று கேட்டிருக்கிறேன்.

தட்டில் ஐந்து கடிதம் இருந்தது. நாலாவது, பொலிசின் கீழ் துவக்கு உரிமம் கொடுக்கும் அலுவலகத்திலிருந்து. மேலே விபூதி கொட்டியிருந்தது. உங்கள் விண்ணப்பம் தொடர்பாக, நீங்கள் கொடுத்த இலக்கத்துக்கு இரண்டு தடவை அழைத்தோம். இரண்டு தடவையும், அந்தப் பெயரில் எவரும் இங்கே இல்லை என்று பதில் கிடைத்தது. இந்தக் கடிதத்தின் திகதியிலிருந்து முப்பது நாளுக்குள் உங்கள் முகவரியை உறுதிப்படுத்தாவிட்டால் விண்ணப்பம் மூடப்படும். திகதி பெப்ரவரி இருபது. முப்பது நாள் முடிந்து இரண்டு கிழமையாகிவிட்டது.

அப்பா வேலைக்குப் போக வெளிக்கிட்டுக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசையில் தேத்தண்ணி. அம்மா அடுப்படியில் அவருக்குச் சோறு கட்டிக்கொண்டிருந்தார். நான் கடிதத்தை மேசையில் வைத்தேன்.

"அப்பா, ஆரும் எனக்குப் போன் பண்ணினவையோ?"

அவர் கடிதத்தைப் பார்த்தார். வாசிக்கத் தெரியாவிட்டாலும் அதன் தலையில் இருந்த முத்திரை தெரிந்திருக்கும். "ஓம்."

"என்ன சொன்னனீங்கள்?"

"அப்பிடி ஒருத்தரும் இங்கை இல்லையெண்டு."

சோறு கட்டும் சத்தம் நின்றது.

"நான் துண்டிலை எழுதி ஒட்டினனானெல்லே. என்ன சொல்லவேணுமெண்டு எழுதி ஒட்டினனானெல்லே அப்பா."

"ஒட்டினனி." தேத்தண்ணிக் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தார். "காலமை பத்து மணி இருக்கும். எடுத்தன். பொலிஸ் எண்ட சொல்லு வந்தது. துவக்கு எண்ட சொல்லு வந்தது. பிறகு உன்ர முழுப்பேர். இந்த வீட்டிலை இருக்கிறாரோ எண்டு கேட்டான். வாய் தன்ரபாட்டிலை சொல்லிப்போட்டுது."

"இது கனடா."

"கனடா எண்டு எனக்குத் தெரியாதே. நீ சொல்லித் தரவேணுமே."

"சரி, முதல்தரம் வாய் சொன்னது. ரெண்டாந்தரம்?"

"ரெண்டாந்தரம் தெரிஞ்சுதான் சொன்னனான்." அவர் நிமிர்ந்தார். "முதல் இல்லையெண்டிட்டுப் பிறகு இருக்கிறான் எண்டால், பொலிசுக்குப் பொய் சொன்னதாப் போகுமெல்லோ? எங்கட கேஸிலை லோயர் என்ன சொன்னவர்? ஒருக்காச் சொன்னதைத்தான் கடைசிமட்டும் சொல்லவேணும், ஒரு சொல்லு மாறினாலும் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள் எண்டு. நாங்கள் அப்பிடிச் சொல்லித்தானே இங்கை இருக்கிறம்."

அவர் சொன்னது பைத்தியமாகவும் இருந்தது, சரியாகவும் இருந்தது. அந்த விசாரணையில் நாள், மணி, வீதியின் பெயர் எல்லாம் அவர் எழுத்துப் பிசகாமல் மனப்பாடமாகச் சொன்னதால்தான் நான் இந்த நாட்டில் படித்தேன்.

"என்னட்டை ஏன் சொல்லேல்லை? சற்றலைற் போன் நம்பர் தந்திட்டெல்லோ போனனான். அத்தானட்டையெண்டாலும் சொல்லியிருக்கலாம்."

அம்மா வந்து நின்றார். "அவரை விடு. எனக்கும் தெரியும். நான்தான் சொல்லவேண்டாமெண்டனான். காட்டிலை நிக்கிற பிள்ளை, தலையைக் குழப்பக்கூடாதெண்டு."

"கடிதம் வந்ததெல்லே அம்மா. ஒருத்தருக்கும் காட்டேல்லையே."

"நீ வந்துதானே திறக்கிறனி."

அதற்குப் பிறகு நான் உரத்துப் பேசினேன். என்ன பேசினேன் என்று எல்லாம் எழுதமாட்டேன். படிக்காத ஆட்களோடு இருந்து என் தலையெழுத்து இப்படி என்றும் ஒன்று சொன்னேன். அதை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் அது வெளியே வந்த பிறகு திரும்பப் போகவில்லை.

அப்பா கோபப்படவில்லை. எழுந்து ஜக்கற்றைப் போட்டார். வலது கையை முதலில் நுழைத்து, பிறகு இடதால் இழுத்து, எப்போதும்போல. வாசலில் சப்பாத்துப் போடும்போது, என்னைப் பார்க்காமல், சுவரைப் பார்த்துச் சொன்னார்.

"அண்டைக்கும் முழுப்பேர் சொல்லித்தான் கேட்டவங்கள். தம்பியின்ரை. நான்தான் கதவைத் திறந்தனான். இருக்கிறாரோ எண்டு மரியாதையாத்தான் கேட்டவங்கள். ஓம், இருக்கிறான், கூப்பிடுறன் எண்டனான். உள்ளுக்குப் போய், டேய், ஷேர்ட்டைப் போட்டுக்கொண்டு வா எண்டும் சொன்னனான்."

சப்பாத்தைக் கட்டி முடித்தார். சோற்றுப் பையை எடுத்துக்கொண்டு போனார். நேரம் சரியாக ஒரு மணி.

சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்று மட்டுமே எனக்குச் சொல்லியிருந்தார்கள். கதவைத் திறந்தது யார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. விசாரணையில் அவர் மனப்பாடமாகச் சொன்ன கதையிலும் அந்த இடம் இருக்கவில்லை. நான் பிறகு அந்த விசாரணைக் கோப்பை எடுத்து வாசித்துப் பார்த்தேன். "வந்தார்கள், கொண்டுபோனார்கள்" என்றிருந்தது.

இதைக் கேட்டபின் நான் அவரை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அது நடக்கவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இருந்தது. அவருக்காக நெஞ்சு நொந்தது. அவர்மேல் கோபமும் குறையவில்லை. இன்னும் முழுவதாகக் குறையவில்லை.

அலுவலகத்துக்கு அழைத்தேன். எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டார். கோப்பு மூடப்பட்டுவிட்டது, புதிதாக விண்ணப்பிக்கவேண்டும், புதியவர்களுக்குக் கட்டாயக் காத்திருப்புக் காலம் உண்டு, அதற்குப் பிறகும் சில மாதம் ஆகலாம். அவர்கள் செய்ததில் ஒரு பிழையும் இல்லை. அது எனக்கு இன்னும் கசந்தது. பிழை பிடிக்க ஆள் கிடைத்திருந்தால் நான் அப்பாவிடம் கத்தியிருக்கமாட்டேன். மறுபடி விண்ணப்பித்தேன், என் சொந்த இலக்கத்தைப் போட்டு.

பொறுப்பாளரிடம் நடந்ததைச் சொன்னேன். அப்பா என்ன சொன்னார் என்பதைச் சொல்லவில்லை. கடிதம் தவறிவிட்டது என்றேன். நானும் என் கதையில் ஒரு இடத்தை விட்டேன். "எனக்கும் இது பிடிக்கவில்லை," என்றார் அவர். தலைமை வேலையை என்னோடு படித்த ஒருவனுக்குக் கொடுத்தார். திசைகாட்டி பார்த்து இருநூறு மீற்றர் நேராக நடக்கத் தெரியாதவன். ஆனால் அவனுக்குப் பதினெட்டு வயதிலேயே உரிமம். தாத்தா விட்டுப்போன மூன்று துவக்கு வீட்டில் இருந்தது. அவர்கள் வீட்டில் துவக்கு என்பது நவம்பரில் தாத்தாவோடு மான் சுடப் போவது. கெட்டவன் இல்லை. என் றோட்டியைக் கேட்டு வாங்கிச் சாப்பிடுவான்.

அந்தச் சீசன் முழுவதும் நான் அவனுக்குப் பின்னால் உதவியாக நடந்தேன். தாத்தாவின் நீளத் துவக்கு ஒவ்வொரு பற்றையிலும் மாட்டியது. மாட்டும்போதெல்லாம் அவன் பின்பக்கமாக வந்து கழற்றிக்கொண்டு திரும்பவும் நுழைவான், நான் மண்பைகளோடு நின்று பார்ப்பேன். ஒருநாள் குழி தோண்டும்போது மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு மறந்துபோய் ஒன்றரைக் கிலோமீற்றர் வந்துவிட்டான். போய் எடுத்துவர நான் தயார், ஆனால் எனக்கு உரிமம் இல்லை. அவன் போய் வரும்வரைக்கும் ஒரு கல்லில் குந்திக்கொண்டு நுளம்பு அடித்தேன். கரடி ஒரே ஒரு தடவை வந்தது. எங்களைப் பார்த்துவிட்டுத் தன்பாட்டில் போய்விட்டது.

கடைக்கு மே மாதத்தில், வடக்கே போகுமுன், நான் தனியாகப் போனேன். திகதி கடந்திருந்தது. தாடிக்காரர் வருத்தப்பட்டார், ஆனால் விதி விதிதான். அதே துவக்கு கண்ணாடிக்குப் பின்னால் இருந்தது. லீவரில் வேறு ஒருவரின் பெயர்த்துண்டு கட்டியிருந்தது.

என் உரிமம் ஆகஸ்ட் கடைசியில் வந்தது. சிறிய அட்டை, படத்தில் நான் முறைத்துக்கொண்டிருக்கிறேன். அதற்குள் அடுத்த வருடத்துக்கும் அவனையே தலைமையாக வைத்துக்கொண்டார்கள். நான் துவக்கு வாங்கவில்லை. பியர்க் கடையில் வயதைக் காட்டச் சொன்னால் அந்த அட்டையைத்தான் காட்டுகிறேன்.

அப்பா பிறம்ரனுக்குப் போய்க்கொண்டிருக்கிறார். நாங்கள் பேசாமல் இல்லை. சாப்பாடு, காரின் ரயர், யார் வீட்டில் கலியாணம், இப்படிப் பேசுகிறோம். அரசாங்கக் கடிதங்களை இப்போது அவர் தட்டில் வைப்பதில்லை. தானே உறையைக் கிழித்து, விளங்காவிட்டாலும் திறந்த கடிதத்தை என் அறைக்கதவில் செருகிவிடுகிறார். என் பெயரைக் கேட்டு யாராவது அழைத்தால் "யெஸ், மை சன், யெஸ்" என்று அடுத்த அறைக்குக் கேட்குமளவுக்குச் சொல்கிறார். பல் டொக்டரின் விளம்பரத்துக்கு எடுப்பவனுக்கும் அப்படித்தான் சொல்கிறார்.

செப்ரெம்பரில், நான் சீசன் முடிந்து வந்த அடுத்தநாள், கார் கழுவிக்கொண்டிருந்தபோது கேட்டார்.

"எல்லாமாய் எவ்வளவு போச்சு தம்பி?"

"என்னத்துக்கு?"

"அந்த அலுவலுக்கு."

"முந்நூறு," என்றேன். "அட்வான்ஸ் மட்டுந்தான்."

"அது நான் குடுத்தது. உனக்கு எவ்வளவு போச்சு?"

"பெரிசா ஒண்டுமில்லை அப்பா. ஒரு முந்நூறு வரும்."

அடுத்த வெள்ளிக்கிழமை சாமிப்படத் தட்டில், கடிதங்கள் வைக்கும் இடத்தில், ஒரு உறை இருந்தது. இருபது டொலர்த் தாளாகப் பதினைந்து. நான் எடுத்துக்கொண்டேன். எடுக்காமல் விட்டால் ஏன் என்று கேட்பார், பிறகு உண்மையைச் சொல்லவேண்டிவரும்.

உண்மையை மண்பைகளின் இலக்கம் எழுதும் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் ஒருநாள் மழைக்குக் கூடாரத்துக்குள் இருந்தபோது எழுதியிருந்தேன். முற்பணம், வகுப்பு, இரண்டு தரம் கட்டிய உரிமக் கட்டணம் எல்லாம் சேர்த்து அறுநூற்று நாற்பது. அதோடு, தலைமைக்கும் உதவிக்கும் உள்ள சம்பள வித்தியாசம், நாளுக்கு நூற்றுப்பத்து டொலர்ப்படி நூற்றுப்பத்து நாள். அப்பா இன்னும் பிறம்ரனில் பெட்டி ஏற்றும் நாட்களுக்கு என்ன விலை போடுவது என்று தெரியாததால் அதைச் சேர்க்கவில்லை. சேர்க்காமல், பன்னிரண்டாயிரத்து எழுநூற்று நாற்பது டொலர்.